தவறாமல் வருவது குற்றமா?

எங்கள் புதுக்கோட்டை, தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை அல்ல. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கும் ஊர். பக்கத்தில்தான் வாகைக்குளம் விமான நிலையம். மாலை நடைக்குப் போகும்போது தலைக்கு மேலே விமானம் இறங்கும். அதைப் பார்த்தே பேரன் மணி சொல்லுவான். இப்படி ஒரு தனியார் விமானம் நேரம் தவறாமல் வருவது ஒரு காலத்தில் சட்டவிரோதம் என்றேன். அவன் நம்பவில்லை.

1953-ல் விமானக் கழகங்கள் சட்டம் வந்தது. உள்நாட்டு கம்பெனிகள் எட்டும் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தன. ஆனால் தனியாரை வானத்தை விட்டே விரட்டிவிடவில்லை. 'ஷெட்யூல்டு' சேவை மட்டும் அரசுக் கழகங்களுக்கு. 'நான்-ஷெட்யூல்டு' சேவையை அனுமதி வாங்கித் தனியார் நடத்தலாம். கல்கத்தாவின் ஜாம் ஏர் 1970-கள் வரை டகோட்டா விமானங்களை அப்படித்தான் ஓட்டியது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். நாள் குறித்துக் கொழும்புக்குப் போனது கப்பல். சரக்கு சேர்ந்ததும் பாய் விரித்துப் போனது தோணி. முன்னது ஷெட்யூல்டு, பின்னது நான்-ஷெட்யூல்டு.

சரி, தோணிக்காரர் வாராவாரம் திங்கட்கிழமையே புறப்பட்டால்? விமான விதிகள் அதையும் யோசித்து வைத்திருந்தன. அச்சடித்த கால அட்டவணை இல்லாவிட்டாலும், அதே ஊர்களுக்கிடையே பொதுமக்களை ஏற்றிக்கொண்டு, ஓர் ஒழுங்கு தெரியும் அளவுக்கு அடிக்கடி பறந்தால் அதுவும் ஷெட்யூல்டுதான்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். 'ரெகுலியே' என்ற ஒரே சொல்லுக்கு அங்கே இரண்டு பொருள்: விதிப்படி நடப்பது, தவறாமல் வருவது. இங்கே தவறாமல் வருவதே விதிமீறல் ஆகிவிட்டது.

1986-ல் ஏர் டாக்ஸி திட்டம் வந்தது. தனியார் பறக்கலாம்; ஆனால் கால அட்டவணை வெளியிடக் கூடாது, பயணிக்கு டிக்கெட் கொடுக்கக் கூடாது! பிறகு நிபந்தனைகள் தளர்ந்தன. ஈஸ்ட் வெஸ்ட், ஜெட் ஏர்வேஸ் எல்லாம் ஏர் டாக்ஸியாகத்தான் தொடங்கின. 1994-ல் பழைய சட்டமே நீங்கியது.

அரசு தரப்பிலும் நியாயம் இருந்தது. அட்டவணை போட்டவர் காலி இருக்கையோடும் பறந்தாக வேண்டும். மற்றவர் ஆள் சேரும் நாளில் மட்டும் வந்து லாபத்தை அள்ளிப் போனால், வருமானம் இல்லாத ஊர்களுக்கு யார் போவது?

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும் ஒரு நான்-ஷெட்யூல்டு மனிதர் இருந்தார். தினக்கூலி. 89 நாள் முடிந்ததும் ஒரு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவாராம். அந்தக் குறிப்பைப் பல முறை எழுதியவன் நான்தான். ஒரு நாளும் தாமதமாக வராதவர், கோப்பில் மட்டும் விட்டுவிட்டு வருகிறவர். நிறுத்திய நாளிலும் பழக்க தோஷத்தில் வந்து வாசலில் நிற்பார். "இன்னைக்கு உங்களுக்கு வேலை இல்லையே அண்ணாச்சி" என்று திருப்பி அனுப்புவேன். கோபப்பட்டதே இல்லை.

விமானங்களுக்கு 1994-ல் விதி மாறியது. அவர் நிரந்தரம் ஆகாமலே ஓய்ந்தார்.

விமானம் இறங்குகிறது, பேரன் மணி சொல்கிறான். எனக்கு அவர் வாசலில் நின்றதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.