குதுப் மினாரைக் காணப் புறப்படுமுன்

ஊரிலிருந்து தில்லிக்கு வரும் உறவினரை நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடங்களுள் குதுப் மினாரும் ஒன்று. உச்சிக்கு ஏறி நகரம் முழுவதையும் பார்க்கலாம் அல்லவா என்று அவர்கள் ஆவலுடன் கேட்பார்கள். இயலாது என்று விடை கூறும் கடமை நம்முடையது. உள்ளே 379 படிகள் உண்டு. ஆயினும் 1981ஆம் ஆண்டில் அவ்வழி அடைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் தேதி விளக்குகள் அணைந்து இருள் சூழ்ந்தது. குறுகிய சுழற்படிகளில் மக்கள் நெருக்குண்டு 45 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர் சிறுமியர். காட்சியை இழந்தோமே என்று குறைபடுவோரிடம் இதைச் சொல்லிவிடுவது நலம்.

கீழே நின்று காண்பதற்கே ஒரு முற்பகல் போதாது. 72.5 மீட்டர் உயரமுள்ள இம்மினார் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தினும் ஓங்கியது. கோபுரங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு நிலைகளை எண்ணத் தோன்றும், ஐந்து நிலைகள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் குத்புதீன் ஐபக் இதனைத் தொடங்கினார். அவருக்குப் பின் இல்துத்மிஷ் மேலும் மூன்று நிலைகளை எழுப்பினார். பதினான்காம் நூற்றாண்டில் இடி விழுந்து உச்சி சிதைந்தது. பிரோஸ் ஷா துக்ளக் அதைச் செப்பனிட்டு மேலே இரு நிலைகள் அமைத்தார். சிவந்த கல்லுக்கு மேல் வெண்சலவைக்கல் எங்கே தொடங்குகிறதென்று நோக்கினால், ஒரு மரபின் கை முடிந்து மற்றொன்றின் கை தொடங்கிய இடம் புலப்படும்.

1803ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் உச்சிமண்டபம் வீழ்ந்தது. ராபர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1828இல் தம் மனம்போல் ஒரு மண்டபத்தை ஏற்றினார். வேட்டி கட்டியவர் தலையில் ஆங்கிலத் தொப்பி வைத்தாற்போல அது பொருந்தாமல் நின்றது. 1848இல் ஹார்டிஞ்சு பிரபு அதை இறக்கச் செய்தார். இன்று புல்வெளியில் அது தனியே நிற்பதைக் காணலாம்.

அருகிலுள்ள பள்ளிவாசலின் தூண்களை விரைந்து கடந்துவிடலாகாது. சங்கிலியில் தொங்கும் மணிகள் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கின்றன. இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக வாயிற் கல்வெட்டே கூறுகிறது. முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணோ மினாருக்குப் பல நூற்றாண்டு மூத்தது, குப்தர் காலத்தது.

தமிழராகிய நாம் சற்று அதிகம் தங்கவேண்டிய இடம் தெற்கிலுள்ள அலாய் தர்வாஸா. அலாவுதீன் கில்ஜி கட்டிய இவ்வாயில் 1311ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் அவருடைய தளபதி மாலிக் காபூர் மதுரை வரை படை நடத்தினார். சுந்தர பாண்டியரும் வீர பாண்டியரும் அரியணைக்காகத் தம்முள் போரிட்டுக்கொண்டிருந்த வேளை அது. யானைகளும் குதிரைகளும் பெருஞ்செல்வமும் தில்லி வந்து சேர்ந்தன. அலாவுதீனின் கட்டடப் பணிகளையும் இத்தென்திசைப் படையெடுப்பையும் அமீர் குஸ்ரு தமது ‘கஸாயினுல் புதூஹ்’ நூலில் சேர்த்தே எழுதியிருக்கிறார். குதுப் மினாரைப்போல் இரு மடங்கு பெரிதாக ஒன்றை எழுப்பவும் அலாவுதீன் கருதினார். 1316இல் அவர் இறந்தார். ஏறக்குறைய 25 மீட்டரோடு நின்றுபோன அலாய் மினார் வடக்கே கரடுமுரடான கற்குவியலாக இருக்கிறது. மதுரையிலிருந்து வருவோருக்கு இதையும் காட்டுவோம்; நாம் அறிந்தவரையில், அவர்கள் அங்கே நெடுநேரம் நிற்பார்கள்.

நகரக் காட்சியே வேண்டுமெனில் பழைய தில்லி ஜும்மா மசூதிக்குச் செல்லவேண்டும். ஷாஜஹான் கட்டுவித்து 1656இல் நிறைவுற்ற அம்மசூதியின் தென் மினாரிலிருந்து கிழக்கே செங்கோட்டையும் வடக்கே சாந்தினி சௌக்கும் கண்ணுக்கு எட்டும். தொழுகை வேளைகளை விலக்கி, ஏறுவதற்கான விதிகளை வாயிலில் கேட்டறிந்துகொள்வது நன்று. குளிர்காலக் காலைகளில் மூடுபனி யாவற்றையும் மறைத்துவிடுமாதலால் பனி விலகிய பின்னரே புறப்படலாம். படிகள் குறுகியவை, மேலே நிற்கவும் இடம் சிறிது. சிறுவரின் கையைப் பற்றிக்கொண்டு, இறங்குவோர் இறங்கிய பின் நாம் ஏறுவோம்.