ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட கொப்பி

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை அயல்வீட்டு ராத்தா ஒருவர் போர்ம் நிரப்ப வந்தார். வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டாம் முறை வெளிநாடு போகிறார். கையில் பயிற்சி வகுப்பில் எழுதிய கொப்பி. புரட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். வேலை நேரத்தில் போன் பாவிக்கக் கூடாது. பொருள் உடைந்தால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். வீட்டு விசயத்தை வெளியே கதைக்கக் கூடாது.

எல்லாம் நல்ல விசயங்கள்தான். எந்தத் தொழிலுக்கும் ஒழுக்கம் வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கும் எப்படி உடுப்பது, எப்படிப் பேசுவது என்று சொல்லித் தந்தார்கள். ஆனால் அதே இடத்தில் லீவு எத்தனை நாள், சம்பளம் எந்தப் படிநிலை, அநியாயம் நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பதையும் சொல்லித் தந்தார்கள். ராத்தாவின் கொப்பியில் அந்தப் பக்கம் இல்லை.

நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "வீட்டுக்காரங்களுக்கும் இப்படி ஒரு கிளாஸ் இரிக்கா டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் நாட்டில் 150 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளியோடு வீட்டு வேலைக்காரரும் அதற்குள் வந்தார்கள். சொன்ன வேலையைச் செய்ய மறுப்பது, மரியாதைக் குறைவாக நடப்பது, அறிவிக்காமல் வேலையை விட்டுப் போவது எல்லாம் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றங்கள். இன்று நாம் "தொழில் ஒழுக்கம்" என்று சொல்வது அன்று நீதவான் முன் நிற்க வேண்டிய வழக்கு.

அடுத்தது 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வீட்டு வேலைக்காரர் பதிவுக் கட்டளைச் சட்டம். சமையல்காரர், வண்டிக்காரர், குதிரைக்காரர், தோட்டவேலை செய்பவர் என்று எல்லோரும் பதிய வேண்டும். பதிவுக்குப் பொறுப்பு தொழில் திணைக்களமல்ல, பொலிஸ். பதிந்தவருக்கு ஒரு சிறு கைப்புத்தகம் கிடைக்கும். வேலையை விட்டு அனுப்பும்போது ஏன் அனுப்பினேன், ஆள் எப்படிப்பட்டவர் என்று எசமான் அதில் எழுதுவார். அடுத்த வீட்டில் வேலை கிடைப்பது அந்தச் சில வரிகளில் தங்கியிருந்தது. எசமான் எப்படிப்பட்டவர் என்று வேலைக்காரர் எழுத அதில் இடமே இல்லை.

சுதந்திரம் கிடைத்த பிறகாவது மறுபக்கம் எழுதப்பட்டதா? சம்பளச் சபைகள் பல தொழில்களுக்கு வந்தன, வீட்டு வேலைக்கு வரவில்லை. ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது, அதிலும் இவர்கள் சேரவில்லை. 2016இல் தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் வீட்டு வேலையாள் அதற்கு வெளியேதான். 2011 ஜூனில் சர்வதேச தொழில் அமைப்பு 189ஆம் இலக்க சமவாயத்தை நிறைவேற்றியது. கிழமைக்குத் தொடர்ச்சியாக 24 மணித்தியாலம் ஓய்வு, பாஸ்போட்டைத் தானே வைத்திருக்கும் உரிமை என்பன அதில் உண்டு. பத்து வருடம் கழிந்தும் இலங்கை அதில் இணையவில்லை.

மறுபக்கம் எழுதப்படாததன் விலை என்ன? மூதூர் ரிசானா நபீக்கை நாம் மறக்கக் கூடாது. 2005இல் 17 வயதில், பாஸ்போட்டில் வயதைக் கூட்டிப் போட்டு சவூதிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. குழந்தை பராமரிப்பில் பயிற்சியே இல்லாதவளிடம் நான்கு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9இல் அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவள் எப்படி நடந்துகொண்டாள் என்று பல வருடம் விசாரித்தார்கள். வயதை மாற்றியவர்களும் கைக்குழந்தையைக் கொடுத்தவர்களும் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற கேள்வி அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை.

அரபு நாட்டையும் அரசாங்கத்தையும் மட்டும் குறை சொல்லி முடித்தால் நான் நேர்மையாக எழுதவில்லை. என் சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் ஒரு வேலைக்காரப் பெண் இருந்தார். என் உம்மாவை விட மூத்தவர். நான் அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கென்று தனிக் கோப்பை, தனிப் பீங்கான். அது பிழை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இத்தனைக்கும் அனஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பு நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். பத்து வருடம் பணிவிடை செய்தும் நபி (ஸல்) அவர்கள் தன்னை ஒருமுறைகூட "சீ" என்று சொன்னதில்லை என்கிறார்கள். யார் யாருக்கு நற்சான்று கொடுக்கிறார் என்று கவனியுங்கள். பணி செய்தவர், பணி வாங்கியவரைப் பற்றிச் சொல்கிறார். 1871இன் கைப்புத்தகத்தில் இல்லாத பக்கம் நம் மார்க்கத்தில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. நாம்தான் புரட்டிப் பார்க்கவில்லை.

ராத்தாவின் போர்மை நிரப்பிக் கொடுத்தேன். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருவருமாக எழுதினோம்: எங்கள் தூதரகத்தின் தொலைபேசி இலக்கம். ஒப்பந்தத்தின் கொப்பி ஒன்று மகளிடம். பாஸ்போட்டின் போட்டோவும் மகளின் போனில். மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதி, கிழமையில் எந்த நாள் ஓய்வு.

உங்கள் வீட்டில் வேலைக்கு ஒருவர் வருகிறாரா? இந்த மாதமே அவரோடு இருந்து சம்பளத் திகதியையும் ஓய்வு நாளையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். அவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராத்தா வரும் கிழமை பயணம். துஆச் செய்யுங்கள்.