தொட்டிக்குத் தோல் வந்த கதை

வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பிக்கப் வண்டி. பின்கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள். தொட்டிக்குள் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, சுழலும் மெஷின் ஒன்றால் கம்பெனி பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மூலை முடுக்கெல்லாம் பளபளப்பு செத்து, திருநீறு பூசியதுபோல வெளிறும் வரை விடுவதில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் இதற்குப் பல நூறு டாலர் கொடுக்கிறார். புது வண்டியில் முதல் கீறல் விழுந்த அன்று இரவு சோறு இறங்காத ரகம் நான். பக்கத்தில் இருந்தால் அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

ஆனால் சுரண்டினால்தான் ஒட்டும். அதன் மேல் துப்பாக்கியால் கறுப்பு ரப்பர் மாதிரி ஒன்றைப் பீய்ச்சுவார்கள். சில நொடிகளில் அது இறுகி, முதலைத்தோல் போலச் சொரசொரப்பாக நின்றுவிடும். ஸ்பிரே பெட்லைனர் என்று பெயர். பிக்கப்பின் பின்பகுதியை அமெரிக்கர்கள் ‘பெட்’ என்கிறார்கள். செங்கல்லும் ஜல்லியும் எருவும் படுத்துப் புரளும் படுக்கை. குட்டியானைக்குப் பின்னால் இருப்பதைச் சொல்வதுபோலத் தொட்டி என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தொட்டிக்குத் தோல் போர்த்த வேண்டும் என்று ரொம்ப காலம் யாருக்கும் தோன்றவில்லை. 1925 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி, தன் மாடல் டி காரின் பின்னால் இரும்புத் தொட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்த பிக்கப்பாக விற்பனைக்கு விட்டது. விலை 281 டாலர். அதற்கு முன்பெல்லாம் காரை வாங்கி, பின்பக்கத்தைக் கழித்துக் கட்டிவிட்டு, அவரவர் மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஆட்களுக்கு வண்டி ஒரு தட்டுமுட்டுச் சாமான். கீறினால் கீறட்டும். கலப்பைக்கு யாராவது உறை தைப்பார்களா?

இடையில் பலகைத் தளத்துக்கும் ஒரு நீண்ட வாழ்க்கை இருந்தது. ஷெவர்லேயின் சில பிக்கப்புகளில் 1980கள் வரைக்கும்கூடப் பலகைதான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே எஃகுப் பட்டை ஓடும். கனமான பெட்டியை அதன்மேல் ஏற்றித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு பலகை இற்றுப்போனால் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்று செருகலாம். தச்சர் கையில் அடங்கிய வேலை. முழு இரும்புத் தளம் வந்ததும் அந்தச் சௌகரியம் போயிற்று. இரும்பு நெளியும், பெயின்ட் உரியும், உரிந்த இடத்தில் துரு ஏறும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். துருவுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

துரு மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. 1970களிலிருந்து பிக்கப்பின் அந்தஸ்தே மாறிக்கொண்டிருந்தது. பண்ணையாளாக இருந்தவன் வீட்டு மாப்பிள்ளையானான். ஏசி வந்தது, மெத்தென்ற சீட் வந்தது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதே வண்டி போக ஆரம்பித்தது. விலையும் கூடவே ஏறியது. கீறல் கண்ணை உறுத்தத் தொடங்கியது அப்போதுதான்.

முதலில் வந்த மருந்து பிளாஸ்டிக். மிச்சிகனின் டியூராகான் போன்ற கம்பெனிகள் கெட்டியான பாலிஎதிலீன் தகட்டைச் சூட்டில் இளக்கி, அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்து, தொட்டிக்குள் வைக்கிற இன்னொரு தொட்டியாகச் செய்து விற்றன. இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்து நாலு திருகாணி போட்டால் தீர்ந்தது வேலை. விலையும் அதிகமில்லை. லட்சக்கணக்கில் ஓடிற்று.

வினை எல்லாம் அந்த ‘உள்ளே வைத்து’ என்பதில்தான் இருந்தது. வைத்தது வைத்ததுதான், ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்குக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. வண்டி ஓட ஓட பிளாஸ்டிக் அதிரும். இடுக்கில் புகுந்த மணல் உப்புத்தாளாக மாறி, பெயின்டைக் காப்பாற்ற வந்தவனே பெயின்டைத் தேய்ப்பான். மழைத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. திருகாணிக்காகப் போட்ட ஓட்டை வேறு. ஐந்தாறு வருடம் கழித்து மேலே பார்த்தால் பிளாஸ்டிக் புத்தம் புதிதாக இருக்கும். தூக்கிப் பார்த்தால் தளம் சல்லடை. பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு அனுபவஸ்தர்கள் இன்றும் சொல்லும் முதல் புத்தி, லைனரைத் தூக்கிப் பார் என்பது. போதாததற்கு, பாலிஎதிலீன் மெழுகு மாதிரி வழுக்கும். பிரேக் போட்டால் பின்னாலிருந்த டூல் பாக்ஸ் முன்னால் வந்து முட்டும்.

இதைவிட மோசமான ஒன்றும் அந்தப் பிளாஸ்டிக்கில் ஒளிந்திருந்தது. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, தொட்டியில் இருக்கும் தகரக் கேனைக் கீழே இறக்காமல் அப்படியே அதில் பெட்ரோல் பிடிப்பார்கள். குழாய் வழியே பாயும் பெட்ரோல் நிலைமின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு வரும். கேன் தரையில் இருந்தால் அந்த மின்னூட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்திருக்கும் கேனுக்கு அந்தப் போக்கிடம் இல்லை. சேர்ந்து சேர்ந்து, கடைசியில் குழாய் மூக்குக்கும் கேன் வாய்க்கும் நடுவே ஒரு பொறி. சுற்றிலும் பெட்ரோல் ஆவி. இப்படிச் சில தீ விபத்துகள் நடந்தபின், தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையாஷ் 1998-ல் எச்சரிக்கையே வெளியிட்டது: கேனைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் பிடியுங்கள்.

ஆக, இடைவெளியே இல்லாத ஒன்று வேண்டும். இரும்போடு இரும்பாக ஒட்டவும் வேண்டும், ரப்பர் போல அடியைத் தாங்கவும் வேண்டும். அதன் மூலச்சரக்கு பிக்கப்பையே நினைக்காத இடத்தில், வேறு காரியத்துக்காக எப்போதோ பிறந்திருந்தது.

ஜெர்மனியின் லெவர்குசன் நகரில், 1937-ல், ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவர் கூட்டாளிகளும் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பேயர் கம்பெனியைத் தொடங்கிய குடும்பத்துக்கும் இவருக்கும் உறவு கிடையாது. ஐசோசயனேட் என்று ஒரு திரவம், பாலியால் என்று ஒரு திரவம். இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகி இறுகும். தொடக்கத்தில் இவர்கள் வார்த்தெடுத்த மாதிரிகளில் ஓட்டை ஓட்டையாகக் குமிழ் விழுந்ததாம். எமென்டால் சீஸுக்குப் போலி தயாரிக்க வேண்டுமானால் உதவும் என்று சோதனைப் பிரிவில் கிண்டலடித்ததாக ஒரு கதை உலவுகிறது. நம்மவர்கள் பார்த்திருந்தால் ஆப்பம் என்றிருப்பார்கள்.

குமிழுக்குக் காரணம் தண்ணீர். ஐசோசயனேட் ஒரு சொட்டு ஈரத்தைக் கண்டால் போதும், பாலியாலை மறந்து அதனோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். கிண்டலுக்கு ஆளான அந்தக் குமிழைத்தான் பிற்பாடு வேண்டுமென்றே உண்டாக்கி நுரை மெத்தையும் சோபாவும் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். ஆனால் பெட்லைனர் கடைக்காரருக்கு அதே குமிழ் ஜென்மப் பகை. வண்டியைக் கழுவிவிட்டுச் சரியாகக் காயவைக்காமல் அடித்தால், இரும்புக்கும் பூச்சுக்கும் நடுவே கொப்புளம் கிளம்பும். விரட்டியடித்த இடைவெளி பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பின்வாசலை ஓரளவு அடைத்தது ஒரு பெட்ரோலியக் கம்பெனி. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் டெக்சாக்கோ கெமிக்கலின் ஆய்வுக்கூடம் இருந்தது. 1980களில் அங்கே கார் பம்பருக்கான சரக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு திரவங்களை மூடிய அச்சுக்குள் மோதவிட்டு, கண்மூடித் திறப்பதற்குள் பம்பர் உறையை வார்த்தெடுக்கிற தொழில் அது. பாலியால் இருந்த இடத்தில் அமீனை வைத்துப் பார்த்தார்கள். கிடைத்தது பாலியூரியா. அமீனுக்கும் ஐசோசயனேட்டுக்கும் அவ்வளவு அவசரம். ஈரம் குறுக்கே வந்து குசலம் விசாரிப்பதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். அந்தக் கம்பெனியின் டட்லி பிரிமோ என்ற வேதியியலாளர் இந்தச் சரக்கை அச்சிலிருந்து வெளியே கொண்டுவந்து, பீய்ச்சி அடிக்கிற பூச்சாக ஆக்கினார். 1980களின் கடைசியில் அது சந்தைக்கு வந்தது.

அவ்வளவு அவசரக்காரர்களை எப்படி ஒரே வாளியில் கலப்பது? கலக்கிய குச்சியோடு வாளியும் இறுகிப்போகும். அதனால் இரண்டையும் கடைசிக் கணம் வரை சந்திக்க விடுவதில்லை. தனித்தனி டிரம், தனித்தனி பம்ப், தனித்தனி ஹோஸ். சரக்கு பாகு பதத்தில் ஓட வேண்டும் என்பதற்காக ஹோஸையே சுட வைத்திருப்பார்கள். அறுபது, எழுபது டிகிரி செல்சியஸ் இருக்கும். அழுத்தத்தைக் கேட்டால், கார் டயரில் 32 பிஎஸ்ஐ காற்று என்றால் இங்கே 2,000. துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் விரல் நுனி அளவே உள்ள ஒரு அறைக்குள் இரண்டும் எதிரெதிரே வந்து மோதும், கலக்கும், அதே வேகத்தில் வெளியே பாயும். விசையை விட்ட மறுகணம் அந்த அறையில் மிச்சமிருப்பதைக் காற்றோ இரும்புத் தண்டோ துடைத்துத் தள்ளிவிட வேண்டும். தவறினால் துப்பாக்கி கல்லாகிவிடும்.

1988-ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ரைனோ லைனிங்ஸ் தொடங்கியது. 1993-ல், அதே கலிஃபோர்னியாவில், லைன்-எக்ஸ். இவை இரண்டும்தான் இந்தத் தொழிலின் ராமர் கட்சியும் ராவணன் கட்சியும். யார் ராமர் என்பது எந்த டீலரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரைனோவின் பழைய வழி குறைந்த அழுத்தத்தில் அடிப்பது. பூச்சு தடிமனாகவும் ரப்பர் போல மென்மையாகவும் வரும். பெட்டியை வைத்தால் இடத்தைவிட்டு நகராது. லைன்-எக்ஸின் வழி சூடும் அழுத்தமும். பூச்சு கெட்டியாக, தொட்டியின் மடிப்புகள் தெரிகிற மாதிரி கச்சிதமாக அமரும். கூர்மையான கல்லுக்கும் கம்பிக்கும் லேசில் கிழியாது. பின்னால் ரைனோவும் கெட்டி ரகத்தைக் கொண்டுவந்ததால் பழைய கட்சிக் கோடு இப்போது அவ்வளவு தெளிவாக இல்லை.

எதை எடுப்பது? என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்காமல் பதில் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். ஃபிரிட்ஜும் பீரோவும் நகராமல் போக வேண்டுமென்றால் மென்மை நல்லது. மண்வெட்டியால் ஜல்லியை வாரப் போகிறீர்கள் என்றால் கெட்டிதான். கெட்டி ரகத்தில் முழங்கால் ஊன்றி உள்ளே தவழ்ந்து பார்த்தவர்கள் அதன் சொரசொரப்பைச் சபிப்பார்கள். துடைக்கிற துணிகூட நூல் நூலாகப் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டில் எதுவானாலும் விலை குறைந்த சரக்கு வெயிலில் நாளடைவில் வெளுத்துச் சாம்பல் பாயும். வெயில் தாங்குகிற மேல்பூச்சு வேண்டுமென்று கேட்டு வாங்க வேண்டும். அதற்குத் தனிக் காசு. இங்கிலாந்திலிருந்து வருகிற ராப்டர் மாதிரி வீட்டிலேயே அடித்துக்கொள்கிற ரகமும் உண்டு: பாட்டிலில் கோடு வரை ஹார்டனரை ஊற்றி, குலுக்கி, கம்ப்ரஸரில் மாட்டி அடிப்பது. மெல்லிசாகத்தான் வரும். ஆனால் கையாலே செய்த திருப்தி இருக்கிறதே, அதற்கு விலை போட முடியாது. எதை அடித்தாலும் பிறகு கழற்ற முடியாது என்பதை மட்டும் கடைக்காரர்கள் மெதுவான குரலில் சொல்வார்கள்.

2015 மாடலில் ஃபோர்டு தன் எஃப்-150 வண்டிக்கு அலுமினிய உடம்பு கொடுத்தது. இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, பிரச்சினை ஒழிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டே ஷெவர்லே ஒரு விளம்பரம் எடுத்தது. இரண்டு கம்பெனி வண்டிகளின் தொட்டியிலும் 825 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 375 கிலோ, சிமென்ட் கற்களை மேலிருந்து கொட்டினார்கள். ஷெவர்லேயின் இரும்பு நெளிந்தது. ஃபோர்டின் அலுமினியம் கிழிந்து ஓட்டை விழுந்தது. லைனர் எதுவும் போடாத தொட்டிகள் அவை. விளம்பரம் போட்டது ஷெவர்லே, ஆனால் லாபம் லைனர் கடைக்காரருக்கும் போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்று கம்பெனிகளே தொழிற்சாலையில் பூச்சு அடித்துக் கொடுக்கின்றன.

வண்டிகளோடு இது நிற்கவில்லை. அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனின் சுவருக்கும் இதே குலத்துப் பூச்சு போயிருக்கிறது. குண்டு வெடித்தால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சிதறிப் பறக்கும் சுவர்த் துண்டுகள்தான். உள்பக்கம் இதை அடித்திருந்தால் சுவர் உடையும், ஆனால் துண்டுகள் பையில் போட்ட மாதிரி தொங்கி நிற்கும்.

அடிக்கிற ஆளின் நுரையீரலைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. போபாலில் 1984-ல் கசிந்ததும் ஒரு ஐசோசயனேட்தான், மெத்தில் ஐசோசயனேட். லைனரில் இருப்பது எம்டிஐ என்ற வேறொன்று. அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஆனால் பீய்ச்சும்போது பனித்துளியாகக் காற்றில் மிதக்கும். சிலருக்கு உடம்பு ஒருமுறை அதை விரோதியாகப் பதிவு செய்துகொண்டால் அடுத்த முறை துளி பட்டாலும் ஆஸ்துமாவாகத் திருப்பி அடிக்கும். 2003-ல் மிச்சிகனில் ஒரு வேனின் தளத்துக்கு லைனர் அடித்த 45 வயது மனிதர் அப்படித்தான் இறந்தார். 2006-ல் நையாஷ் இதற்கென்றே தனி எச்சரிக்கை போட்டது. அதனால்தான் நல்ல கடையில் அடிக்கிறவர் தலையை முழுக்க மூடி, வெளியிலிருந்து குழாயில் வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு விண்வெளி வீரர் மாதிரி நிற்கிறார். வெறும் துணி மாஸ்க்கோடு ஒருவர் அடிப்பதைப் பார்த்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுவது உத்தமம்.

நம் புது வண்டிக்குத் திரும்புவோம். சுரண்டி, துடைத்து, ஓட்டைகளையெல்லாம் அடைத்தாகிவிட்டது. விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுகிறார்கள். அந்த டேப்பின் ஓரத்தில் மெல்லிய கம்பி ஒன்று ஓடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூச்சு முடிந்துவிடும். கடைசிச் சுற்றில் நாலடி பின்வாங்கி, துளிகள் மேலிருந்து சாரலாக விழும்படி அடிக்கிறார். அந்தச் சொரசொரப்பு அப்படி வருவதுதான். சரக்கு முழுதாக இறுகுவதற்குள் கம்பியின் நுனியைப் பிடித்து இழுக்கிறார். அவித்த முட்டையை நூலால் அறுப்பதுபோல, சுற்றிலும் ஒரே நேர்கோட்டில் பூச்சு அறுபட்டு, டேப் தனியாக வந்துவிடுகிறது. பின்கதவை மாட்டிச் சாவியைக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க பாரம் எதுவும் ஏற்றக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். வாங்குகிறவர்களில் நிறைய பேருக்கு அது ஒன்றும் சிரமமாக இருப்பதில்லை.