எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற ஆசிரியர்



பிள்ளைகள் விளையாடும் மைதானத்திலே பெரியோர் நிற்கவேண்டிய இடம் எது? இவ்வினாவுக்கு நம் நாட்டுப் பாடசாலைகளின் வரலாறே விடை தருகின்றது.

1879ஆம் ஆண்டிலே கொழும்பு அக்கடமியும் புனித தோமையர் கல்லூரியும் காலிமுகத்திலே கிரிக்கெட்டு ஆடின. அந்த அக்கடமியே 1881இல் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அங்கு அக்காலத்தில் ஆசிரியராயிருந்தவர் அஷ்லி வோக்கர் என்னும் ஆங்கிலேயர். அவர் முன்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் யோர்க்ஷயருக்கும் ஆடியவர். மாணாக்கரைப் பழக்கிய அவர், அன்றைய ஆட்டத்தில் தாமும் அவர்களுடன் களமிறங்கினார். எதிரணியிலும் ஆசிரியர் ஆடினர். மறு ஆண்டு, 1880இல், இரு பக்கத்தும் மாணாக்கர் மட்டுமே ஆடினர். ஆசிரியர் எல்லைக்கோட்டுக்கு வெளியே வந்துவிட்டனர்.

பாடசாலைப் பயிற்றுவிப்பாளரின் தொழில் தொடங்கியது அன்றுதான் என்பது என் கருத்து. தாமே ஆடி வெல்லுதல் வல்லவர்க்கு எளிது. பிள்ளை தவறவிடும் பந்தைத் தாம் பிடிக்க ஓடாமல், அவன் தானே பிடிக்கப் பழகும்வரை பொறுத்து நிற்பது அரிது.

ஆயினும் வெற்றிமீது கொண்ட பற்று எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவதில்லை. 1885ஆம் ஆண்டு ஆட்டத்தில் புனித தோமையர் அணி 9 ஓட்டங்களுக்குள் சுருண்டது. அவ்வாட்டம் றோயலின் வெற்றியா, வெற்றி தோல்வியின்றி முடிந்ததா என்பதில் இரு கல்லூரியாரும் இன்றளவும் ஒருமைப்பட்டிலர். ஆடிய சிறுவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. வழக்கு மட்டும் வாழ்கின்றது. 1904இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் தொடங்கிய ஆட்டத்துக்கும் 'வடக்கின் பெரும்போர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இப்பற்றுக்கு நானும் விலக்கானவனல்லேன். இளம் ஆசிரியனாக ஒரு கிராமப் பாடசாலையிலே 13 வயதுக்குட்பட்டோரைப் பழக்கினேன். ஒரு மாலை, கைக்கு வந்த பந்தை ஒரு சிறுவன் நழுவவிட்டான், தோற்றோம். எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். திங்கட்கிழமை அவன் வகுப்புக்கு வந்தான், மைதானத்துக்கு வரவில்லை. அதன் பின் என்றுமே வரவில்லை. நான் கோட்டுக்கு வெளியேதான் நின்றேன். ஆனால் என் குரல் உள்ளே புகுந்து அவன் விளையாட்டைப் பறித்துவிட்டது. அவனைத் தேடிச் சென்று ஒரு சொல் கூறியிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை.

வெளியே நிற்பதென்றால் வாளாவிருப்பதன்று. கண்டி கட்டுகஸ்தோட்டையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியிலே முத்தையா முரளிதரன் என்னும் மாணவர் முதலில் மிதவேகப் பந்து வீச்சாளராகவே இருந்தார். பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்து வீசும்படி கூறினார். அப்போது மாணவருக்கு வயது 14. அவர் 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே காலி மைதானத்தில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி ஓய்வுபெற்றதை உலகம் அறியும். பிள்ளையின் கையிலே உள்ளது இன்னதென்று கூர்ந்து கண்டு, உரிய காலத்தில் ஒரு சொல் சொல்லி, பந்தை அவனிடமே விட்டுவிடுதல்: பயிற்றுவிப்பாளரின் கடமை இதுவே.

எல்லாப் பிள்ளைகளும் 800 விக்கெட்டு வீழ்த்தப் போவதில்லை. பெரும்பாலார் சில ஆண்டுகள் ஆடிவிட்டுத் தத்தம் தொழிலுக்குச் செல்வர். அவர்கள் பந்தை விரும்பிச் சென்றார்களா, வெறுத்துச் சென்றார்களா என்பதற்கே நாம் பொறுப்பாளிகள்.

ஆதலின், பெற்றோரே, ஆட்டம் முடிந்து மகனோ மகளோ வீடு திரும்பும்போது, "எத்தனை ஓட்டம்?" என்று முதலிற் கேளாதீர்கள். "நன்றாக விளையாடினாயா?" என்று கேளுங்கள். பிள்ளை தானாகவே மற்றதைச் சொல்லும்.