லாங் ஐலண்டு முகாம் பூங்காக்கள்

அமெரிக்காவின் நியூயார்க் நகரிலிருந்து கிழக்கே அட்லாண்டிக் கடலுக்குள் சுமார் 190 கி.மீ. நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டு தீவில், குடும்பங்கள் கூடாரம் அடித்தோ வண்டியிலேயே தங்கியோ விடுமுறையைக் கழிக்க மாநில, மாவட்ட அரசுகள் நடத்தும் பூங்காக்கள் இவை. தீவின் மேற்கு முனையிலுள்ள புரூக்ளினும் குவீன்ஸும் நியூயார்க் நகரைச் சேர்ந்தவை. அவற்றைத் தாண்டினால் நாசோ, சஃபோக் என்னும் இரண்டு புறநகர் மாவட்டங்கள். சஃபோக்கில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர் வசிக்கிறார்கள். தனிவீடுகள், பேரங்காடிகள், வாகன நிறுத்தங்கள் என்று தொடரும் குடியிருப்புகளுக்கு நடுவில்தான் இந்தப் பூங்காக்கள் இருக்கின்றன.

கிழக்குப் பகுதியிலுள்ள ஹாம்ப்டன்ஸ் ஊர்கள் பெரும் பணக்காரர்களின் கோடை இல்லங்களுக்குப் பேர்போனவை. அங்கே கடலோரமாக ஒரு வாரம் வீடு எடுப்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதே கடலோரத்தில், ஓட்டல் அறைக்குக் கொடுப்பதில் சிறு பங்கைக் கொடுத்து இரவு தங்க வழி இந்த முகாம்கள்தான். இவற்றுக்கான போட்டியும் சண்டையும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

நிலம்

கடைசிப் பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாளம் இங்கே நின்று உருகியது. அது கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் தீவின் நீளவாக்கில் இரண்டு மேட்டுவரிசைகளாயின. உருகிய நீர் நுண்மணலைத் தெற்கே அடித்துச் சென்றது. வடகரையில் செங்குத்தான மண்மேடுகளும் அடியில் கூழாங்கல் கரையும், தென்கரையில் கடலுக்கும் காயலுக்கும் இடையே மெலிந்த மணல் தீவுகளும், நடுவில் சத்தற்ற மணலில் வளர்ந்த பைன் காடும் அமைந்தது அதனால்தான். முகாம் பூங்காக்களும் இந்த மூன்று வகை நிலங்களில் பிரிந்து கிடக்கின்றன. வைல்ட்வுட் மாநிலப் பூங்கா வடகரை மேட்டின்மேல் அடர்ந்த மரநிழலில் இருக்கிறது. ஹிதர் ஹில்ஸ் தென்கிழக்கில் அட்லாண்டிக் அலைகளுக்கு நேர் பின்னே இருக்கிறது. அதன் வடபகுதியில் காற்று தள்ளத் தள்ள ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவு நகர்ந்து மரங்களையே மூடிவிடும் மணல்குன்றுகளைப் பார்க்கலாம். சவுத்ஹேவன், கதீட்ரல் பைன்ஸ் ஆகிய மாவட்டப் பூங்காக்கள் காட்டுக்குள் இருப்பவை.

தோற்றம்

1924இல் லாங் ஐலண்டு மாநிலப் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்டு, ராபர்ட் மோசஸ் அதன் தலைவரானார். அதே ஆண்டில் ஹிதர் ஹில்ஸ் பூங்கா உருவானது. கிரேட் சவுத் காயலை ஒட்டிய ஈஸ்ட் ஐஸ்லிப்பில் டெய்லர் பண்ணை நிலத்தை ஆணையம் எடுத்துக்கொள்ள முனைந்தபோது, அக்கம்பக்கத்துச் செல்வந்தர்கள் நீதிமன்றம் போனார்கள். பட்டணத்து ஏழை சனங்கள் தங்கள் வாசலில் வந்து குவிவதை அவர்கள் விரும்பவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆகஸ்ட் ஹெக்‌ஷர் என்ற தொழிலதிபர் கொடுத்த நன்கொடையால் நிலம் கைக்கு வந்து, 1929இல் திறக்கப்பட்ட பூங்கா அவர் பெயரையே தாங்கியது. பிற்காலத்தில் சஃபோக் மாவட்ட நிர்வாகமும் வீடுகள் பெருகுவதற்குள் நிலங்களை வாங்கிப்போட்டு, தனக்கென ஒரு பூங்கா வரிசையை உண்டாக்கியது.

மோசஸ் கட்டிய பார்க்வே சாலைகளில் பாலங்கள் தாழ்வானவை. ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் ஏற்றிவரும் பேருந்துகள் கடற்கரைக்கு வரக்கூடாது என்றே அவர் அப்படிக் கட்டினார் என்ற குற்றச்சாட்டை எழுத்தாளர் ராபர்ட் கேரோ 1974இல் வெளிவந்த தம் நூலில் பதிவுசெய்தார். அந்த உள்நோக்கத்தை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. நோக்கம் எதுவானாலும், இன்றைக்கு அந்தப் பாலங்கள் தடுப்பது முகாம் வண்டிகளைத்தான். உயரமான வண்டிகளும் இழுவை வண்டிகளும் பார்க்வேயில் போகக்கூடாது; லாங் ஐலண்டு எக்ஸ்பிரஸ்வே அல்லது சன்ரைஸ் நெடுஞ்சாலை வழியாகத்தான் வரவேண்டும். கார்களுக்கான வழிகாட்டிச் செயலியை நம்பிப் புறப்பட்டு, கூரையைப் பாலத்தில் உரசிக்கொள்ளும் வாடகை வண்டிகளுக்கு இங்கே குறைவில்லை.

வண்டி

ஆர்.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இவ்வண்டிகளைத் தமிழ் வாசகர் சினிமாப் படப்பிடிப்பு கேரவனாக அறிந்திருப்பார். தானே ஓடுவது, காரோ பிக்கப்போ இழுத்துச் செல்வது, பிக்கப்பின் முதுகில் ஏற்றிவைப்பது எனப் பல வகை. உள்ளே அடுப்பு, படுக்கை, கழிப்பறை, நீர்த்தொட்டி இருக்கும். பூங்காவில் ஒதுக்கப்படும் இடத்தில் ஒரு மேசை, தீமூட்ட ஓர் இரும்பு வளையம், சில பூங்காக்களில் 30 அல்லது 50 ஆம்பியர் மின் இணைப்பும் குழாய்நீரும் கிடைக்கும். ஹிதர் ஹில்ஸ் போலப் பேர்பெற்ற இடத்தில் மின் இணைப்பே கிடையாது. ஆனாலும் கோடையில் அங்கே இடம் கிடைப்பதுதான் அரிது.

விளம்பரப் படங்களில் வராத பகுதி கழிவுநீர். கழிப்பறைக்கு ஒரு தொட்டி, பாத்திரமும் குளியலும் சேரும் நீருக்கு இன்னொன்று. கழிப்பறைத் தொட்டியின் அடைப்பானை எப்போதும் மூடியே வைத்து, நிறைந்த பிறகே திறக்க வேண்டும். திறந்தபடி விட்டால் நீர் ஓடிப்போய்த் திடக்கழிவு மட்டும் அடியில் இறுகும். கிளம்பும் நாளில் கழிவு வெளியேற்றும் இடத்தில் வரிசையில் நின்று, முதலில் கழிப்பறைத் தொட்டியைக் காலிசெய்து, பிறகு சோப்புநீர்த் தொட்டியைத் திறந்தால் அந்த நீரே குழாயை அலசிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வரிசை நீளமாக இருக்கும். புதியவர் யார், பழகியவர் யார் என்று அங்கே கையுறையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வெளிக்கரை

சஃபோக் மாவட்டத்தின் தனிச்சிறப்பு, வண்டியை மணலிலேயே கொண்டுபோய் நிறுத்தித் தங்க விடுவது. ஸ்மித் பாயின்ட், கப்சாக், ஷினெகாக் ஈஸ்ட், மான்டாக் ஆகிய பூங்காக்களின் வெளிக்கரையில் தனி அனுமதி பெற்றவர்கள் நான்கு சக்கர உந்துவிசை வண்டியோடு போகலாம். வண்டிக்குள் கழிப்பறையும் கழிவுத்தொட்டியும் கட்டாயம். மணலில் இறங்குமுன் டயர் காற்றைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். டயர் அகன்று படிந்தால்தான் மணல் தாங்கும். மண்வெட்டி, இழுக்கும் கயிறு, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை ஆகியவையும் உடன் இருக்க வேண்டும்.

வசந்தத்திலும் கோடையிலும் இந்தக் கரைகளில் பெரும்பகுதி அடைக்கப்படும். பைப்பிங் பிளவர் எனப்படும் சிறு உப்புக்கொத்தி மணலில் குழிபறித்து முட்டையிடும் காலம் அது. 1986 முதல் கூட்டரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பறவை. பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் இரைதேடி நீரோரத்துக்கு ஓடும். சக்கரத் தடத்தில் விழுந்தால் ஏறி வரத் தெரியாமல் அதிலேயே பதுங்கும். வண்டிக்காரர்களுக்கும் பறவைக் காவலர்களுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் மனத்தாங்கல் இதைப் பற்றியதுதான். நியாயம் பறவையின் பக்கம்.

கரை நிலையானதும் அல்ல. ஷினெகாக் ஈஸ்ட் பூங்காவை ஒட்டிய கடல்வாய் 1938 செப்டம்பர் புயலில் திறந்தது. 2012இல் வந்த சாண்டி புயல் கப்சாக், ஸ்மித் பாயின்ட், ஃபயர் தீவின் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி ஆகிய மூன்று இடங்களில் மணல் தீவை உடைத்தது. முதலிரண்டையும் ராணுவப் பொறியாளர்கள் அடைத்தார்கள். வனப்பகுதி உடைப்பை இயற்கைக்கே விட்டுவிட்டார்கள்.

காடு

நடுத்தீவின் பைன் காட்டுக்கு 1993இல் தனிச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. தீவு குடிப்பது நிலத்தடி நீரை. அந்த நீர் ஊறி இறங்குவது இந்த மணற்காட்டின் வழியாக. இங்குள்ள பிட்ச் பைன் தீயோடு பழகிய மரம். கருகிய பிறகும் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். 1995 ஆகஸ்டில் மூண்ட பெருந்தீ ஆயிரக்கணக்கான ஏக்கரை எரித்தது. 2014இல் தெற்குப் பைன் வண்டு இங்கே கண்டறியப்பட்டதிலிருந்து மரங்கள் பட்டுப்போவது பெருகியது. பட்டைக்குள் ஒளிந்து பூச்சிகள் ஊர் மாறுவதால், வெப்பமூட்டிப் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோக நியூயார்க் மாநிலம் தடை விதித்திருக்கிறது. விறகை அங்கேயே வாங்குவதே முறை.

பூச்சியைவிடப் பெரிய தொல்லை உண்ணி. உண்ணி பரப்பும் லைம் நோய்க்குக் காரணமான கிருமியை ஆய்வாளர் வில்லி பர்க்டார்ஃபர் 1981இல் கண்டுபிடித்தது, இத்தீவின் கிழக்கு முனைகளுக்கு இடையிலுள்ள ஷெல்டர் தீவில் பிடித்த உண்ணிகளில்தான். இளம் உண்ணி கசகசா அளவே இருக்கும், கடிப்பது தெரியாது. மாலையில் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பது இம்முகாம்களில் பல் துலக்குவது மாதிரி வழக்கம். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், தீக்குச்சியால் சுடக்கூடாது.

இடம் பெறுதல்

மாநிலப் பூங்காக்களில் ஒன்பது மாதம் முன்பே பதிவு தொடங்குகிறது. கோடைக்கால வார இறுதிகள் அப்போதே தீர்ந்துவிடும். சஃபோக் மாவட்டப் பூங்காக்களில் உள்ளூர்வாசிகளுக்கு கிரீன் கீ என்ற அட்டை உண்டு. அது இல்லாதவருக்குக் கட்டணம் கூடுதல். செல்வந்தர்களோடு வழக்காடிப் பூங்கா திறந்த அதே தீவில் இப்போது மாவட்டமே உள்ளூர், வெளியூர் என்று கோடு போடுகிறது. உள்ளூர் வரிப்பணத்தில் வாங்கிய நிலம் என்பது மாவட்டத்தின் வாதம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெளியூரிலிருந்து முதன்முறை வருகிறவர் வெளிக்கரையை ஆசைப்படாமல், வைல்ட்வுட் போன்ற மாநிலப் பூங்காவில் வார நாட்களில் இடம் தேடுவது நல்லது. செப்டம்பர் முதல் வாரத் தொழிலாளர் தினம் முடிந்ததும் பள்ளிகள் திறந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகும் கடல்நீர் சில வாரங்களுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும்.