புளியில் கிடைத்த பசை

புளி கரைக்கும்போது விரலில் ஒரு வழவழப்பு ஒட்டுமே, கவனித்திருக்கிறீர்களா? நாம் கையைக் கழுவிவிட்டு ரசத்தைக் கவனிக்கப் போய்விடுவோம். லூயி நிக்கோலா வோக்லான் அப்படிப் போகவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர். பின்னாளில் குரோமியத்தைக் கண்டுபிடித்தவர். 1790-ல் புளியைப் பகுத்துப் பார்த்து, அதில் கூழாக உறைகிற ஒரு பொருள் இருப்பதாக எழுதிவைத்தார்.

அதற்குப் பெயர் வைக்க 35 வருஷம் ஆனது. நான்சி நகரத்துத் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஆன்ரி பிராகோனோ, 1825-ல் 'பெக்டின்' என்றார். உறைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

நான் படித்தது பி.காம். அதனால் பயப்படாதீர்கள், வேதியியல் இரண்டே வரிதான். கேலக்டுரோனிக் அமிலம் என்று சர்க்கரைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரைப் போல நூற்றுக்கணக்கானோர் கைகோத்து நிற்கும் சங்கிலிதான் பெக்டின். பழத்தின் செல்களை ஒட்டிவைக்கும் பசை அதுதான். காயில் கெட்டி. பழுக்கும்போது நொதிகள் சங்கிலியை வெட்ட, பழம் மெத்தென்று ஆகிவிடும். சர்க்கரையும் புளிப்பும் சேர்த்துக் காய்ச்சினால் சங்கிலிகள் பின்னிக்கொண்டு தண்ணீரைச் சிறைபிடிக்கும். ஜாம் ரெடி!

ஆனால், நம் வயிற்றின் ஜீரண நீருக்கு இந்தச் சங்கிலியை வெட்டத் தெரியாது. அங்கேதான் விஷயமே. வெட்டுப்படாமல் போகும் வழியில் பெக்டின் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே இழுத்துப் போகிறது. ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது. தினம் 6 கிராம் வேண்டும் என்று 2010-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணக்குச் சொன்னது. ஒரு ஆப்பிளில் ஒன்று, ஒன்றரை கிராம் இருக்கலாம். (அதையும் ஜூஸாக்கி வடிகட்டினால் பெரும்பகுதி சக்கையோடு போச்சு. ஜூஸ் ஆலைச் சக்கையிலிருந்துதான் பெக்டினே தயாரிக்கிறார்கள்!)

மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. அவை குடலை உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச வைக்கும். வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடக்கும் குழந்தைக்கு அதுதானே வேண்டும்?

டாக்கா சர்வதேச வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தினர் இதைச் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். 5 முதல் 12 மாத ஆண் குழந்தைகள் 62 பேர். இரண்டு வாரமாகியும் போக்கு நிற்கவில்லை. ஒரு பிரிவுக்கு அரிசி உணவு மட்டும். இன்னொன்றுக்கு அதோடு பெக்டின். மூன்றாவதற்கு வேகவைத்த வாழைக்காய். (உங்கள் வீட்டில் என்றால் முதலில் உப்பு சர்க்கரைக் கரைசலும் டாக்டரும்தான், சரியா?)

நான்காம் நாள் பார்த்தார்கள். வெறும் அரிசி உணவில் குணமானவர்கள் 23 சதவிகிதம். பெக்டினில் 78. சந்தை வாழைக்காயில் 82!