காற்றழுத்த வேறுபாடும் காற்றும்

காற்றழுத்த வேறுபாடு என்பது, ஓரிடத்தின் மேல் நிற்கும் காற்றின் எடை இன்னோரிடத்தில் இருப்பதைவிடக் கூடியோ குறைந்தோ இருக்கும் நிலை. தென்றல் முதல் புயல் வரை எல்லாக் காற்றும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. கடல்மட்டத்தில் காற்றழுத்தத்தின் திட்ட அளவு 1013.25 ஹெக்டோபாஸ்கல். ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் ஏறத்தாழ 10 டன் காற்று நிற்கிறது என்பது இதன் பொருள். அந்தப் பெரும் எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே வானம் மாறிவிடும். இவ்வளவு சிறிய மாற்றத்தை அளக்கவும், பல ஊர்களில் எடுத்த அளவுகளை ஒருசேர வைத்துப் பார்க்கவும் மனிதர் கற்றுக்கொண்ட வரலாறே வானிலையியலின் வரலாறு.

இயங்கும் முறை

வெயில் எல்லா இடத்தையும் ஒரே அளவில் சூடாக்குவதில்லை. நிலம் விரைவாகச் சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். சூடான காற்று விரிந்து மேலெழும்போது தரையருகே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து காற்று அங்கே நகர்கிறது. கோடைப் பிற்பகலில் சென்னையில் வீசும் கடற்காற்று இதற்கு எளிய சான்று. அழுத்தம் குறைந்த இடத்தில் மேலெழும் காற்று விரிந்து குளிர்வதால் அதிலுள்ள நீராவி மேகமாகிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் கீழிறங்கும் காற்று வெப்பமடைவதால் மேகம் கலைந்து வானம் தெளிகிறது.

அளவீட்டுக்கு முன்

காற்றைத் திசையால் பிரித்தறிவது பழைய அறிவு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை எனத் தமிழர் பெயரிட்டனர். பருவக்காற்றின் காலக்கணக்கை அறிந்த கடலோடிகள் கிரேக்க, உரோமானியர் காலத்திலேயே அரபிக் கடலைக் கடந்து வந்தனர். காற்று எப்போது வரும் என்பது தெரிந்திருந்தது. ஏன் வருகிறது என்பதற்கு விடை கிடைக்க, காற்றை நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பாதரசக் குழாய்

இத்தாலியின் எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி 1643-44இல் அந்த வழியைக் கண்டார். பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்தபோது, ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் பாதரசம் நின்றது. வெளியே உள்ள காற்றின் எடையே அதைத் தாங்குகிறது என்றார். நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்ற கருத்தும், வெப்ப வேறுபாட்டால் காற்று வீசுகிறது என்ற விளக்கமும் அவருடையவையே.

1648 செப்டம்பர் 19 அன்று, பிளேஸ் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் புளோரான் பெரியே, பிரான்சின் புய் த டோம் மலைமேல் அந்தக் குழாயைக் கொண்டுசென்றார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. இன்னொன்றையும் அவர் செய்திருந்தார்: அடிவாரத்தில் மற்றொரு குழாயை வைத்து, நாள் முழுதும் கவனிக்க ஒருவரை அமர்த்தினார். ஒரே நேரத்தில் ஈரிடத்து அளவுகளை ஒப்பிடும் வழக்கம் அந்த மலையில் தொடங்கியது.

நேரே செல்லாத காற்று

எட்மண்ட் ஹாலி 1686இல் வணிகக் காற்றுகளையும் பருவக்காற்றுகளையும் வரைபடமாக்கி, சூரிய வெப்பமே அவற்றுக்குக் காரணம் என்றார். ஆனால் நிலநடுக்கோட்டை நோக்கிச் செல்லும் காற்று ஏன் மேற்காகச் சாய்கிறது என்பதை அவரால் சரியாக விளக்க முடியவில்லை. 1735இல் ஜார்ஜ் ஹாட்லி பூமியின் சுழற்சியைக் கணக்கில் சேர்த்தார். பிரான்சின் கோரியாலிஸ் 1835இல் சுழலும் அமைப்புகளுக்கான விசையைக் கணித்தார்; 1856இல் அமெரிக்கரான வில்லியம் ஃபெரல் அதைக் காற்றுக்குப் பொருத்தினார்.

மறு ஆண்டே நெதர்லாந்தின் பைஸ் பாலோ, கண்ட உண்மைகளிலிருந்து ஒரு விதியைச் சொன்னார்: வடகோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், தாழ்ந்த அழுத்தம் இடப்பக்கம் இருக்கும். அதாவது காற்று தாழ்வுப் பகுதிக்குள் நேராகப் பாய்வதில்லை. அதைச் சுற்றிக்கொண்டே உள்ளே வருகிறது. தாழ்வு உடனே நிரம்பிவிடாமல் நாட்கணக்கில் நீடிப்பதற்கு இந்தச் சுற்றலும் ஒரு காரணம்.

பல ஊர், ஒரே நேரம்

ஜெர்மனியின் பிராண்டஸ், 1783ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஊர்களில் எடுத்த பதிவுகளைத் தொகுத்து 1820இல் ஆய்வு வெளியிட்டார். அழுத்தத் தாழ்வு ஊர்விட்டு ஊர் நகர்வது அதில் தெரிந்தது. ஆனால் அது முப்பத்தேழு ஆண்டு பழைய வானிலை. தந்தி வந்தபின் அந்த இடைவெளி மறைந்தது. 1854 நவம்பர் 14 அன்று கிரிமியப் போரில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கப்பல்களைப் புயல் சிதைத்தது. அது ஐரோப்பாவைக் கடந்தே கருங்கடலை அடைந்தது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே காட்டினார். தந்தி அதை முந்தியிருக்க முடியும். அழுத்த அளவுகளைத் தந்தியில் திரட்டும் அமைப்புகள் அதன்பின் பெருகின.

வங்கக் கடலும் இந்தியாவும்

கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிட்டிங்டன், கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி வங்கக் கடல் புயல்களின் சுழற்சியை ஆராய்ந்தார். ‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1848இல் அவரே உருவாக்கினார். 1864இல் கல்கத்தாவை அழித்த புயலும், தொடர்ந்து வந்த பருவமழைப் பொய்ப்புகளும் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை அமையக் காரணமாயின.

அத்துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடலில் அழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைவதையும், பின் அது தலைகீழாவதையும் கண்டார். ‘தெற்கத்திய அலைவு’ எனப்படும் இதை, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவுடன் ஜேக்கப் பியர்க்னெஸ் 1969இல் இணைத்தார்.

இந்தியத் துறை காற்றின் வேகத்தைக் கொண்டு தாழ்வுகளைத் தரம் பிரிக்கிறது. மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்; ஏறத்தாழ 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; 62ஐத் தொட்டால் புயல். வேகம் அழுத்தச் சரிவைப் பொறுத்தது: வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் நெருங்க நெருங்கக் காற்று வலுக்கும். 1999 ஒடிசா பெரும்புயலின் மையத்தில் அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கியது.

கணக்காக மாறிய வானிலை

நார்வேயின் வில்ஹெல்ம் பியர்க்னெஸ், இன்றைய நிலை சரியாகத் தெரிந்தால் நாளைய வானிலையை இயற்பியல் சமன்பாடுகளால் கணிக்கலாம் என்று 1904இல் எழுதினார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கையாலேயே அக்கணக்கைப் போட்டு 1922இல் நூலாக்கினார். ஆறு மணி நேரத்தில் 145 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் என்ற நடவாத விடை வந்தது. தொடக்க அளவுகளின் பிழையே அவரைக் கைவிட்டது, வழி தவறில்லை. 1950இல் அமெரிக்காவின் சார்னி குழுவினர் எனியாக் கணினியில் அவ்வழியில் வெற்றி கண்டனர்.

இன்று

செயற்கைக்கோள் மேகத்தையும் வெப்பத்தையும் பார்க்கிறது. ஆனால் கடற்பரப்பின் காற்றழுத்தத்தை அளக்க இன்றும் கடலிலேயே ஒரு கருவி இருக்க வேண்டும். அதற்காகச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்துள்ளது. பெரியேயின் அடிவாரத்துக் காவலர் செய்த அதே வேலையை அவை ஆளில்லாக் கடலில் செய்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானொலியில் கேட்கும் தாழ்வு மண்டலச் செய்தியின் பின்னால் அந்த அளவுகளும் இருக்கின்றன.